கோழி தூக்கும் காட்டுப்பூனை: மருந்து வைக்கும் முன் இதைப் படியுங்கள்

"சார், காட்டுப்பூனை கோழியைத் தூக்கிட்டுப் போயிடுது. என்ன மருந்து வைக்கலாம்?"

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் எந்த ஊருக்குப் பயிர் பார்க்கப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். உளுந்தில் மஞ்சள் தேமல், கடலையில் டிக்கா, தென்னையில் காண்டாமிருக வண்டு என்று எல்லாம் பேசி முடித்து வண்டியை எடுக்கும்போதுதான் கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் வீட்டு அம்மாவாகத்தான் இருக்கும். கோழி அவர் கணக்கு. முட்டையிடும் நாட்டுக்கோழி ஒன்று போனால், அடைக்கு வைக்கக் காத்திருந்த முட்டையும் போச்சு, வரும் தீபாவளிக்கு விற்கலாம் என்று நினைத்த குஞ்சுகளும் போச்சு. ஆகவே இதைச் சிரித்துத் தள்ளிவிட்டு வர எனக்கு மனம் வராது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மருந்து வைக்க வேண்டாம். அந்தப் பூனை உங்கள் வயலில் இரவு முழுக்கக் கூலி வாங்காமல் எலி பிடிக்கிற ஆள். கோழியை நீங்கள் காப்பாற்றிக்கொள்ள முடியும். அதற்கு ஆகும் செலவு, பூனை இல்லாமல் போனால் எலியால் ஆகும் செலவைவிடக் குறைவு. எப்படி என்பதை விவரமாகப் பார்ப்போம்.

எது தூக்கியது?

கோழி காணோம் என்றவுடன் எல்லாரும் காட்டுப்பூனை என்றுதான் சொல்கிறோம். பாதி நேரம் அது வேறு ஏதாவதாக இருக்கும். கீரி இருக்கிறது, மரநாய் இருக்கிறது, புனுகுப்பூனை இருக்கிறது, பாம்பு இருக்கிறது, பருந்து இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தெருநாய் இருக்கிறது.

காலையில் எழுந்தவுடன் கூட்டைச் சுற்றி மண்ணைப் பாருங்கள். நம் செம்மண்ணில் தடம் நன்றாக விழும். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே உருண்டையான தடம், நான்கு விரல், நகக்குறி இருக்காது. கீரி, மரநாய் தடத்தில் ஐந்து விரல் தெரியும். நான்கைந்து கோழிகள் கடிபட்டு அங்கங்கே கிடந்தால், தின்னாமல் விட்டுப் போயிருந்தால், முதலில் நாயைச் சந்தேகப்படுங்கள். பட்டப்பகலில் குஞ்சு குறைந்தால் கீரியோ பருந்தோ காக்கையோ இருக்கலாம். முட்டை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனால் பாம்பாக இருக்கலாம். ஒரே ஒரு கோழி மட்டும் காணவில்லை, கூட்டருகில் பெரிய கலவரம் எதுவும் இல்லை, கொஞ்சம் தள்ளி ஒரு புதரடியில் இறகு குவிந்து கிடக்கிறது என்றால், அது காட்டுப்பூனையின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆளையும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனையைவிட உயரம், நீண்ட கால்கள், மணல் நிறம் அல்லது சாம்பல் கலந்த பழுப்பு நிறம். உடலில் புள்ளியோ வரியோ தெளிவாக இருக்காது. கால்களில் மட்டும் மங்கலான வரிகள். வால் குட்டை, நுனியில் கருப்பு வளையங்கள். காது நுனியில் சின்னதாகக் கருமுடி. எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ. ஏரி உள்வாயில் சம்பும் கோரையும் மண்டிய இடம், கரும்புத் தோட்டம், கருவேலங்காடு, கோயில் காடு, இவைதான் அதற்கு வீடு. எகிப்து தொடங்கி வியட்நாம் வரை, தெற்கே இலங்கை வரை இந்தப் பூனை இருக்கிறது. நாணலும் புல்லும் எலியும் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும்.

இதைவிடச் சின்னதாக, ஒன்றரைக் கிலோகூடத் தேறாத, துரு நிறப் புள்ளிகள் உள்ள ஒரு பூனையைப் பார்த்தால் அது செம்புள்ளிப் பூனை. உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப் பூனை வகைகளில் ஒன்று. இந்தியாவும் இலங்கையும்தான் அதற்குப் பெரும்பாலும் ஊர். சேவலை அதனால் தூக்க முடியாது. அதை நீங்கள் பார்த்தால் பாக்கியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வழக்கு

இந்தப் பஞ்சாயத்து நேற்று வந்ததல்ல. நம் பழைய தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். குறுந்தொகை 139ஆம் பாட்டை ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்புலவர் பாடியிருக்கிறார். மாலை நேரம், வேலியோரம் வெருகுகள் வந்துவிட்டன, வீட்டுக் கோழி எங்கே போவது என்று தெரியாமல் தன் குஞ்சுகளைப் பதறிப்பதறிக் கூப்பிடுகிறது. புறநானூறு 326ஆம் பாட்டிலும் இதே கதைதான். இருட்டில் வெருகுக்குப் பயந்து ஒரு பெட்டைக்கோழி கத்துகிறது. பருத்தி நூற்கிற பெண் ஏற்றிய சிறு விளக்கின் வெளிச்சத்தில் பக்கத்தில் சேவல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது.

இலக்கியம் பேசவா வந்தாய் என்று கேட்காதீர்கள். ஒரு விரிவாக்க விஞ்ஞானியாக எனக்கு அந்த இரண்டு பாட்டிலும் மூன்று தொழில்நுட்பக் குறிப்புகள் கிடைக்கின்றன. நேரம்: பொழுது சாய்ந்த பிறகு. இடம்: வேலியோரம். காரணம்: கோழி இன்னும் அடையவில்லை. இரண்டாயிரம் வருடமாக இந்த மூன்றும் மாறவில்லை. நம் வீட்டில் இன்று கோழி போவதும் இப்படித்தான். கோழியை அடைக்க நாம் மறந்த நாளில்தான் போகிறது.

பூனை என்ன தின்கிறது?

நம்மில் பலர் காட்டுப்பூனை கோழி தின்று வாழ்கிறது என்றே நினைக்கிறோம். ராஜஸ்தானில் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. அதை நடத்திய குழுவில் நம் நாங்குநேரியில் பிறந்த வனவிலங்கு அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் ஒருவர். பூனையின் எச்சத்தைச் சேகரித்து, கழுவி, அதிலுள்ள முடி, பல், எலும்பை வைத்து எதைத் தின்றது என்று பார்ப்பது இந்த ஆய்வு முறை. அதில் எலி வகைகளே பிரதான உணவாக இருந்தன. ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை பிடித்துத் தின்னும் என்று கணித்தார்கள்.

நாமே கணக்குப் போடலாம். நாளைக்கு மூன்று என்றே வையுங்கள். வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல். ஐந்து என்றால் 1,800-ஐத் தாண்டும். காட்டில் பிடிப்பதும் நம் வயலில் பிடிப்பதும் ஒரே எண்ணிக்கையாக இருக்காதுதான். பறவை, ஓணான், பாம்பு, முயல் எல்லாமும் அது தின்னும். என்றாலும், எலி கொழுத்துக் கிடக்கிற கரும்புத் தோட்டத்தை விட்டுவிட்டு அது கோழிக்காக நாய் குரைக்கிற வீட்டுப் பக்கம் தினமும் வரப்போவதில்லை.

நம் வயலில் இருப்பவை கரம்பை எலி, புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி. இவற்றில் கரம்பை எலிதான் பெரிய திருடன். தின்பதோடு நிற்காது, கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்து வைக்கும். சினைக்காலம் மூன்று வாரம்தான். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி. கடலை பிடுங்கும் நேரத்தில் செடியைத் தூக்கினால் காய் இல்லாமல் வெறும் காம்பு மட்டும் வருகிறதே, அந்த நட்டத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. போன கோழியை எண்ணிச் சொல்ல முடிகிறது. எலி தின்ற கடலையை எண்ண முடிவதில்லை. பூனைமேல் வழக்கு வருவது இதனால்தான்.

ஒன்றையும் மிகைப்படுத்தக் கூடாது. பூனை இருந்தால் எலியே இருக்காது என்று நான் சொல்லவில்லை. எலி பெருகும் வேகத்துக்கு எந்தப் பூனையும் ஈடுகொடுக்க முடியாது. வரப்பைச் சிறிதாக வைப்பது, களை இல்லாமல் வைப்பது, கோடையில் வளையை வெட்டிப் பிடிப்பது, தஞ்சாவூர் கிட்டி வைப்பது, ஆந்தை உட்காரக் குச்சி நடுவது, இவற்றோடு பூனையும் சேர்ந்தால்தான் எலி அடங்கும். நீங்கள் ஓய்ந்து தூங்குகிற நேரத்தில் வேலை செய்கிற கூட்டாளி அது, அவ்வளவுதான்.

கொன்று பார்த்தவர்கள் கண்டது

அந்தச் சரிஸ்கா ஆய்வில் இன்னொரு பூனையும் உண்டு. கேரகல் என்று பெயர். செம்மண் நிற உடம்பு, காது முழுக்கக் கருப்பு, காது நுனியில் நீண்ட கருமுடி. துருக்கி மொழியில் அந்தப் பெயருக்கே கருங்காது என்றுதான் பொருள். நம் தமிழ்நாட்டில் அது கிடையாது. ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச் போன்ற வறண்ட பகுதிகளில் உண்டு. நின்ற இடத்திலிருந்து மூன்று மீட்டர் உயரம் எம்பிப் பறக்கிற பறவையை அடித்து வீழ்த்தும். அதனால் 14ஆம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் இவற்றை வளர்க்கத் தனிக் கொட்டகையே வைத்திருந்தார். அக்பரும் வேட்டைக்குப் பழக்கினார்.

அப்படி அரண்மனையில் இருந்த பூனை இன்று இந்தியாவில் மொத்தமே ஐம்பது என்ற அளவில்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 2021 ஜனவரியில் மத்திய அரசு அதை மிகவும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் மீட்புத் திட்டத்தில் சேர்த்தது. காரணம் வேட்டை மட்டுமல்ல. அது வாழ்ந்த முட்புதர்க் காட்டையும் ஓடைச் சரிவுகளையும் அரசுப் பதிவேட்டில் தரிசு என்று எழுதினார்கள். தரிசு என்று எழுதிய நிலத்தை யார் விட்டுவைப்பார்கள்?

அதே கேரகல் தென்னாப்பிரிக்காவில் ஏராளம். அங்கே கரூ என்ற வறண்ட பகுதியில் செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்கு அது நம் காட்டுப்பூனை மாதிரிதான், ஆட்டுக்குட்டி தூக்குகிற எதிரி. 1931 முதல் 1952 வரை அந்தப் பகுதியில் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக 2,219 கேரகல்களைக் கொன்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் இப்படிக் கொன்ற பிறகும் அங்கே கேரகல் இருக்கிறது. ஆடும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஓரிடத்துப் பூனையைக் கொன்றால் அந்த இடம் காலியாகிறது. காலியான இடத்துக்குப் பக்கத்து இளம்பூனை வருகிறது. அதற்கும் பசிக்கும், பட்டி திறந்திருந்தால் அதுவும் நுழையும். பட்டியைச் சரி செய்யாமல் பூனையைக் கொல்வது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

நம் பக்கம் புதர் குறைந்த கதையும் உங்களுக்குத் தெரியாததல்ல. பல இடங்களில் புதர்க்காடு அழிந்து தைலமரக் காடு வந்தது. அடியில் புல் கூடச் சரியாக முளைக்காத காட்டில் எலி ஏது, முயல் ஏது? 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனபின் தோப்புகளைச் சுத்தம் செய்தோம், வேறு வழியில்லை. மறைவிடம் குறையக் குறைய அது வீட்டுக் கொல்லைக்குத்தான் நெருங்கி வரும்.

விஷம் யாரைத் தொடும்?

சில வருடத்துக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஏழு கோழி போன ஆத்திரத்தில், செத்த கோழியின் வயிற்றில் குருணை மருந்தைத் திணித்து வேலியோரம் வைத்திருக்கிறார்கள். மறுநாள் செத்துக் கிடந்தது அவர்கள் வீட்டு நாய். கூடவே இரண்டு காக்கை. அந்த வீட்டுப் பேரப்பிள்ளை காக்கையின் இறகைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் பாட்டி அலறியிருக்கிறார். நல்லவேளை, கையைக் கழுவி விட்டார்கள். கூட்டைச் சுற்றித் தடம் பார்த்தபோது நகம் பதிந்திருந்தது. ஏழில் எத்தனை பூனை தூக்கியதோ தெரியாது. நாய்கள் வந்து போயிருந்தது மட்டும் நிச்சயம்.

பயிருக்கான குருணை மருந்து பயிருக்குத்தான். அதை இறைச்சியில் கலப்பது சட்டப்படியும் குற்றம். காட்டுப்பூனை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொன்றாலும், கண்ணி வைத்தாலும், குட்டியைப் பிடித்து வீட்டில் வளர்த்தாலும் சிறையும் அபராதமும் உண்டு. கூட்டைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுக்கும் யோசனையை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். இரவில் எழுந்து போகிற நம் வீட்டு ஆள்தான் முதலில் மிதிப்பார்.

எலிக்கு வைக்கும் மருந்திலும் எச்சரிக்கை தேவை. புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். அந்த நாள்களில் அதைப் பிடிப்பது சுலபம். பூனையும் ஆந்தையும் அதைத்தான் பிடிக்கும். எலியின் உடம்பிலுள்ள மருந்து அவற்றின் உடம்புக்கும் போகும். சிங்க் பாஸ்பைடு என்றால் 49 பங்கு இரைக்கு ஒரு பங்கு மருந்து என்ற அளவை மீறாதீர்கள். எதை வைத்தாலும் வளைக்குள் வைத்து மண்ணால் மூடுங்கள். வரப்பின்மேல் பொட்டலமாக வைக்காதீர்கள். கையுறை போடுங்கள். காலையில் ஒரு நடை சுற்றி, செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வளை வெட்டிப் பிடிக்கவும் கிட்டி வைக்கவும் ஆள் கிடைத்தால் மருந்து வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

பொழுது இறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே, தினமும் ஒரே நேரத்தில், ஒரு கை கம்போ நொய்யோ கூட்டுக்குள் போட்டுக் கூப்பிடுங்கள். ஒரு வாரத்தில் கோழி தானாக வந்து நிற்கும். அடைந்த பிறகு எண்ணிப் பார்த்துக் கதவைப் போடுங்கள். செலவில்லாத இந்த ஒரு பழக்கத்திலேயே பெரும்பாலான இழப்பு நின்றுவிடும். இதைச் செய்யாமல் கம்பிவலைக்குப் பணம் போடுவது வீண்.

பஞ்சாரத்தில் கவிழ்ப்பவர்கள் மேலே கனமான கல் வையுங்கள். சமதரையில் கவிழ்க்க வேண்டும்; விளிம்புக்கும் தரைக்கும் நடுவே கை நுழையும் சந்து இருந்தால் பூனையின் கையும் நுழையும். பஞ்சாரத்தைத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகைக்குள்ளோ வைப்பது இன்னும் நல்லது.

கூடு கட்டுபவர்கள் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை நம்பாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான். உள்ளே வருகிறவனைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். அடியில் ஓர் அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தோண்டி நுழைய முடியாது. மேலே கூரையும் மூடியிருக்க வேண்டும். கதவுக்குக் கயிறு கட்டாமல் தாழ்ப்பாள் போடுங்கள். தரையிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டினால் பாம்புக்கும் ஈரத்துக்கும் நல்லது. எச்சமும் எருவாகச் சேரும்.

அடைக்கோழி புதரில் ஒளிந்து முட்டையிட்டுப் படுத்துவிடும். அதுதான் முதலில் போகும். தேடிப் பிடித்துக் கூடையோடு உள்ளே வையுங்கள். கோழி அறுத்த குடலை வேலிக்கு வெளியே வீசாதீர்கள். அது பூனைக்கும் நாய்க்கும் நாமே வைக்கிற அழைப்பிதழ். கூட்டைச் சுற்றி இருபது அடிக்குப் புதரை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். அதற்கு அப்பால், வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் கோயில் காட்டிலும் உள்ள புதரை விட்டுவிடுங்கள். அவருக்கு அங்கே இடம் இருந்தால் இங்கே வரமாட்டார். விளக்குப் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நாலு நாளில் பழகிவிடும்.

கரும்பு வெட்டும்போது குட்டி கிடைத்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுப்பூனை சுமார் இரண்டு மாதம் சினையாக இருந்து இரண்டு முதல் நான்கு குட்டி வரை போடும். மறைவாக, எலி மிகுந்திருக்கிற கரும்புத் தோட்டம் அதற்குப் பிரசவ அறை. குட்டிகளின் உடம்பில் வரி இருக்கும். பார்த்துவிட்டுச் சிறுத்தைக் குட்டி என்றும் புலிக்குட்டி என்றும் ஊரைக் கூட்டிவிடுகிறார்கள். சோகைக்குத் தீ வைத்து வெட்டுகிற தோட்டத்தில் குட்டிகள் வெந்து போகின்றன. தீ வைக்காமல் வெட்டினால் சோகை மண்ணுக்கும் மூடாக்காகும். வெட்டும்போது ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் புதரோ வாய்க்காலோ இருக்கிற பக்கமாகப் போங்கள்; தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு போக வழி கிடைக்கும்.

குட்டியைப் பார்த்துவிட்டால் தொடாமல் அந்த இடத்தைச் சுற்றிச் சில வரிசைக் கரும்பை அன்று மட்டும் விட்டுவையுங்கள். ஆள்களையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள். வெட்டாள் தெரியாமல் ஏற்கெனவே எடுத்துவிட்டால், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே உயரம் குறைந்த ஒரு அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ வைத்து, வெயில் படாமல் மேலே சோகை போட்டுவிட்டு விலகிவிடுங்கள். தாய் பக்கத்தில்தான் எங்காவது உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருட்டியதும் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போய்விடும். பாவம் என்று பசும்பால் மட்டும் ஊற்றாதீர்கள். குட்டிக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்காகிச் செத்துவிடும். விடிந்து பார்க்கும்போதும் குட்டி அங்கேயே இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நிழல் இருக்கட்டும், ஆள் கூட்டம் வேண்டாம்.